எந்தத் தூரத்துக்கு எந்த மின்வண்டி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்சைக்கிள், நின்றபடி ஓட்டும் கிக் ஸ்கூட்டர், பேட்டரி சக்கர நாற்காலி முதலிய தனிநபர் மின்வண்டிகளைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எந்த நிறுவனத்தின் வண்டி நல்லது என்றே கேட்கின்றன. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அது ஓட வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆகவே போகும் இடம், தூரம், நடுவில் வரும் படி, மேடு, பள்ளம் ஆகியவற்றை விவரமாக எழுதியவர்களின் கடிதங்களையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டிலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் இரண்டரை கிலோமீட்டர். இறங்கும் நிலையத்திலிருந்து அலுவலகம் ஒன்றரை கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோவுக்கே பணம் போகிறது. மடக்கிக் கையில் எடுத்துச் செல்லும் மின் கிக் ஸ்கூட்டர் வாங்கலாமா?
— வாசகர், கிழக்குத் தாம்பரம்

இவ்வகை ஸ்கூட்டர் எந்தப் பயணத்துக்காக உருவாக்கப்பட்டதோ அதே பயணத்தைத்தான் நீங்கள் விவரித்திருக்கிறீர்கள்; ஆயினும் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க எங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. பரவலாக விற்கப்படும் கிக் ஸ்கூட்டர்களின் சக்கரம் எட்டரை அங்குல விட்டம் கொண்டது. சைக்கிள் சக்கரம் சாதாரணமாக ஏறி இறங்கிவிடும் ஒரு பள்ளத்தில் இந்தச் சிறிய சக்கரம் சிக்கி நின்றுவிடும். ஓட்டுபவர் நின்றுகொண்டிருப்பதால் நேராக முன்பக்கம் விழுவார். சாலை மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பாதாளச் சாக்கடை மூடி, மழை விட்டபின் ஓரத்தில் படியும் மணல், வெள்ளைக் கோடு கூடப் போடாத வேகத்தடை ஆகிய மூன்றும் உங்கள் வழியில் எத்தனை இடங்களில் இருக்கின்றன என்று ஒருநாள் நடந்தே போய்ப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல் எடை. ஸ்கூட்டர் 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். காலை எட்டரை மணிக்கு மின்சார ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, நிற்கவே இடமில்லாத பெட்டியில் மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை உங்களுடன் பயணம் செய்பவர்கள் எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்வார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் யோசனை, வீட்டுப் பக்கத்துக்கு மட்டும் ஒரு மின்சைக்கிளை வாங்கி நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, மறுபக்க ஒன்றரை கிலோமீட்டரை நடந்துவிடுவது. பேட்டரியைக் கழற்றி எடுத்துச் செல்லும்படியான சைக்கிளாக வாங்கினால் திருட்டுப் பயம் பாதி குறையும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளி நான்கு கிலோமீட்டர். 'இந்த மின் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்' என்கிறார் கடைக்காரர். கூடுதல் பணம் கொடுத்தால் வேகத்தை 40 வரை திறந்துவிடுவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா?
— வாசகர், மதுரை

கடைக்காரரின் முதல் வாக்கியம் நிபந்தனையோடு உண்மை. இரண்டாவது, அந்த உண்மையையே பொய்யாக்கிவிடும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து தரும் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்று அளித்திருந்தால், அந்த வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அப்படிப்பட்ட சோதனை நிறுவனங்களுள் ஒன்று புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) ஆகும். அந்தச் சான்றின் நகலைக் கடைக்காரரிடம் கேளுங்கள்; தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

வேகத்தைத் திறந்துவிட்ட அந்த நிமிடமே அது பதிவு செய்யப்படாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும். ஓட்டுவது உரிமம் பெறும் வயதை எட்டாத பிள்ளை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, சிறார் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோரையும் வாகன உரிமையாளரையும் பொறுப்பாக்கி, மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டியிருந்தால் அதுவும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

நான்கு கிலோமீட்டர் சமதளப் பாதைக்கு மிதிக்கும்போது மட்டும் உதவும் மின்சைக்கிளே போதும். கால் மணி நேரத்தில் போய்விடலாம். பேட்டரி தீர்ந்தாலும் மிதித்தே வீடு வந்து சேரலாம். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

என் கணவருக்கு வயது 71. பக்கவாதத்தால் இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. வலது கை நன்றாக இருக்கிறது. தினமும் மாலையில் சித்திரை வீதியைச் சுற்றி வர வேண்டும், பிறர் தள்ளாமல் தாமே போக வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டு வாசலில் இரண்டு படிகள். எந்தச் சக்கர நாற்காலி பொருந்தும்?
— வாசகி, ஸ்ரீரங்கம்

வந்த கடிதங்களிலேயே மின்வண்டியால் முழுப் பயன் கிடைக்கப் போவது உங்கள் கணவருக்குத்தான் என்று தோன்றுகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அவருக்கு வேண்டியது கை வைக்கும் இடத்தில் ஜாய்ஸ்டிக் (விரலால் சாய்த்து ஓட்டும் சிறு தண்டு) பொருத்திய பேட்டரி சக்கர நாற்காலி. ஜாய்ஸ்டிக்கை வலப்புறத்திலும் இடப்புறத்திலும் மாற்றிப் பொருத்த முடியும். வலப்புறம் பொருத்தித் தரும்படி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். விரலை எடுத்ததும் நாற்காலி நின்று, மின்காந்தத் தடை தானாகப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் பிரேக் பிடிக்க இன்னொரு கை தேவையில்லை. சக்கரங்களின் அருகில் சிறு நெம்புகோல்கள் இருக்கும். அவற்றை விடுவித்தால் மோட்டாரின் பிடி விட்டு, சாதாரண நாற்காலியைப் போல் தள்ளிச் செல்லலாம். நடுவழியில் பேட்டரி தீர்ந்தால் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான். ஆனால் சரிவில் நிற்கும்போது அதை ஒருபோதும் விடுவிக்கக் கூடாது, ஏனெனில் அந்நிலையில் நாற்காலிக்குத் தடையே இருக்காது.

வாங்கும் முன் மருத்துவரிடமோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ ஒரு கேள்வியை அவசியம் கேட்டுவிடுங்கள். இடப்பக்கம் செயலிழப்பது மூளையின் வலப்பக்கப் பாதிப்பால் நேர்வது. அத்தகையவர்களில் சிலருக்குக் கண் பார்வை சரியாக இருந்தும் இடப்பக்கம் இருப்பவை கவனத்தில் பதிவதில்லை. தட்டில் இடப்பாதியில் உள்ள சோற்றை அவர் உண்ணாமல் விட்டுவிடுகிறாரா, கதவு நிலையில் இடது தோள் அடிக்கடி இடிபடுகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் தெருவில் தனியே விடுவதற்கு முன் பல வாரப் பயிற்சி தேவைப்படும்; சிலருக்குத் தனியாக ஓட்டுவதே பொருந்தாமலும் போகலாம்.

அடுத்தது வாசல். சரிவுப் பாதைக்கு ஏற்கப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. உங்கள் இரண்டு படிகள் சேர்ந்து ஓர் அடி உயரம் என்றால் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும்; ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டு வாசல் நேரே வீதியில் இறங்குவதால் அதற்கு இடம் கிடைப்பது கடினம். திண்ணை ஓரமாகத் திருப்பிக் கட்ட முடியுமா என்று கொத்தனாரை அழைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் விரித்து மடக்கும் அலுமினியச் சரிவுப் பலகை கிடைக்கிறது. அது செங்குத்தாக அமையும் என்பதால் ஏறி இறங்கும்போது ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பின்னால் சாயாமல் தாங்கும் சிறு சக்கரங்கள் நாற்காலியில் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே போய்விட்டால் சித்திரை வீதியும் உத்திர வீதியும் சமதளம். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம் தாராளம். கோயிலுக்குள் இருக்கும் உயர்ந்த நிலைப்படிகளை எந்த நாற்காலியும் ஏறாது.

நாற்காலியின் அகலம் பெரும்பாலும் 60 முதல் 65 சென்டிமீட்டர் வரை இருக்கும். நாடாவை எடுத்து முதலில் குளியலறைக் கதவை அளவிடுங்கள்; கூடத்தில் அழகாகச் சுற்றிவிட்டுக் குளியலறை வாசலில் நின்றுவிடும் நாற்காலிகள் பல வீடுகளில் இருக்கின்றன. நீண்ட நேரம் உட்காருவதால் படுக்கைப்புண் வரக்கூடும் என்பதால் நல்ல மெத்தையும், அரைமணிக்கு ஒருமுறை உடலைச் சற்று நகர்த்திக்கொள்ளும் பழக்கமும் வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோமோஷன் நிறுவனத்தின் நியோபோல்ட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கையால் உருட்டும் சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மின்பகுதி அது. மாட்டியதும் நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகி, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை சாலையில் செல்லும். இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்து, வேலைக்குப் போய்வர விரும்புபவர்களுக்கு அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் இரு கைகளாலும் பிடித்துத் திருப்ப வேண்டியது என்பதால் உங்கள் கணவருக்குப் பொருந்தாது.

கடையில் பணம் கட்டும் முன் திருச்சியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். தமிழக அரசு தகுதியுள்ளவர்களுக்குப் பேட்டரி சக்கர நாற்காலி வழங்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிச் சாதனங்கள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் உதவி உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பத்து வயதுப் பேரன் ஹோவர்போர்டு கேட்கிறான். வீட்டு மொட்டை மாடியில் மட்டும் ஓட்டட்டும் என்று வாங்கித் தரலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். கைப்பிடியே இல்லாமல் இரு சக்கரப் பலகையில் நின்று ஓட்டும், போக்குவரத்துக்குப் பயன்படாத இந்தப் பொருளைப் பற்றி இந்தப் பகுதியில் அதிகம் எழுத ஒன்றுமில்லை. பேட்டரி தீப்பிடித்ததால் 2016-இல் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் திரும்பப் பெறப்பட்டன என்பதையும், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் மட்டும் நினைவூட்டுகிறோம். சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

குன்னூர் மேல்பகுதியில் வீடு; கடை கீழே பேருந்து நிலையத்தருகில். 250 வாட் மின்சைக்கிள் இந்த ஏற்றத்தை ஏறுமா?
— வாசகர், குன்னூர்

ஏறும், நீங்களும் மிதித்தால். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 235 வாட் வேண்டும். மோட்டார் ஒன்றே அதைச் சமாளித்துவிடும். ஏற்றம் நூற்றுக்குப் பன்னிரண்டாகும் இடத்தில் அதே வேகத்துக்கு 340 வாட் தேவை. மிச்சமுள்ள 90 வாட்டை உங்கள் கால்கள் தர வேண்டும். உடல்நலமுள்ளவர் மூச்சு வாங்காமல் தரக்கூடிய அளவுதான் அது.

கணக்கைவிட முக்கியமானது மோட்டார் இருக்கும் இடம். பின்சக்கரத்தின் நடுவில் பொருத்தப்பட்ட ஹப் மோட்டார் செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகச் சுழலும்போது மின்சாரத்தை அள்ளி இழுத்துச் சூடாகிவிடும். மிதிகட்டையருகில் இருக்கும் மோட்டார் சைக்கிளின் கியர்களைப் பயன்படுத்திக்கொள்வதால் மலைக்கு அதுவே ஏற்றது. விலை கணிசமாக அதிகம். ஹப் மோட்டாரையே வாங்குவதானால், காலை மாலை இரண்டு வேளையும் நின்று நின்று ஏறும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும். இறக்கத்துக்கு இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கட்டாயம் என்று கொள்ளுங்கள். மின்சைக்கிள் சாதாரணச் சைக்கிளைவிடப் பத்து கிலோ வரை கனமானது. ஈரச் சாலையில் அந்தக் கனம் வளைவில்தான் தெரியும்.

நாளிதழ் முகவராக இருக்கிறேன். என்னிடம் வேலை பார்ப்பவர்கள் மொபெடில் தினம் இருபது கிலோமீட்டர் சுற்றுகிறார்கள். மின்சைக்கிளுக்கு மாறினால் லாபமா?
— வாசகர், விருதுநகர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் ஓடும் மொபெடுக்கு ஒரு நாளைக்கு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் 33 ரூபாய், மாதம் ஆயிரம் ரூபாய். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரியின் கொள்ளளவு 360 வாட்-அவர் (Wh). முழுதும் தீர்ந்து ஏற்றினாலும், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, அரை யூனிட்டைத் தாண்டாது. யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு ஐந்து ரூபாய். ஆக மாதம் 850 ரூபாய் மிச்சம். மூன்று ஆண்டில் முப்பதாயிரம். நல்ல மின்சைக்கிள் ஒன்றின் விலையும் ஏறக்குறைய அதுதான், அதற்குள் பேட்டரி மாற்றும் செலவும் எட்டிப் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் மொபெடை விற்றுவிட்டு மாறுவதில் பெரிய லாபம் இல்லை. பழைய மொபெட் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டது, அல்லது உரிமம் இல்லாத ஒருவரைப் புதிதாக வேலைக்குச் சேர்க்கிறீர்கள் என்றால் மாறுங்கள்.

வேலையின் தன்மை என்னவோ மின்சைக்கிளுக்கு வெகுவாகப் பொருந்துகிறது. வீட்டுக்கு வீடு நின்று கிளம்ப வேண்டிய வேலையில் களைப்பு முழுவதும் கிளம்புவதில்தான் இருக்கிறது; மோட்டார் உதவுவதும் அங்கேதான். பின் கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களோடு கட்டு 25 கிலோவைத் தாண்டினால் இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் பழைய சைக்கிளுக்கே மோட்டார் மாட்டித் தருவதாகச் சொல்வார்கள். அவ்வாறு மாட்டிய வண்டிக்கு மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன சோதனைச் சான்று இருக்காது. அச்சு சுழன்று கழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்புத் தகட்டையும் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் அடுக்ககத்தில் மின்வண்டிகளை வீட்டுக்குள் சார்ஜ் போடக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். சரிதானா?
— சங்கச் செயலாளர், வேளச்சேரி

உங்கள் அச்சம் நியாயமானது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் ஏற விடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். லித்தியம் பேட்டரி எரியும்போது நெருப்பைவிடப் புகையே முதலில் கொல்கிறது. வண்டி வாசலையொட்டி நின்றால் வெளியேறும் வழியும் அடைபட்டுவிடும். ஆனால் தடை மட்டும் விதித்து மாற்று இடம் தராவிட்டால் எல்லோரும் இரவில் ஒளித்துச் சார்ஜ் போடுவார்கள். அதுதான் மிகவும் ஆபத்து. தரைத்தளத்தில், மாடிப்படியிலிருந்து விலகி, காற்றோட்டமாக, எர்த் இணைப்பும் தனித்தனி மின்மானியும் கொண்ட இடம் ஒன்றை ஒதுக்குங்கள். உங்கள் பகுதியில் மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்பது உங்களுக்கே தெரியும்; பிளக்குகளை அந்த மட்டத்துக்கு மேலே வையுங்கள், நிலத்தடித் தளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தண்ணீரில் மூழ்கிய பேட்டரியை உலர்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜில் போடவே கூடாது.

விதிமுறையில் ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: ஒருவர் சார்ஜரை இன்னொருவர் இரவல் வாங்கக் கூடாது. 36 வோல்ட் லித்தியம் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட் தரும். 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் தரும். இரண்டின் முனையும் ஒரே மாதிரி இருந்தால் மாற்றிச் செருகிவிடலாம். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று பழுதாகியிருந்தால் முடிவு தீதான்.

தஞ்சாவூரிலிருந்து அப்பா மூன்று மாதம் எங்களுடன் தங்க வருகிறார். அவருடைய மடக்கும் பேட்டரி நாற்காலியை விமானத்தில் கொண்டுவர முடியுமா? இங்கே ஓட்ட அனுமதி வேண்டுமா?
— வாசகி, சிங்கப்பூர்

கொண்டுவரலாம். மடக்கும் நாற்காலியில் கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரி 300 வாட்-அவருக்கு (Wh) மிகாமல் இருக்க வேண்டும். அதைக் கழற்றி, முனைகளை மூடி, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியின் மேல் 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் (Ah) என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 288 வருகிறது, பிரச்சினை இல்லை. 20 ஆம்பியர்-அவர் என்றால் 480. அந்தப் பேட்டரி பயணத்துக்கு உதவாது. பயணச்சீட்டு வாங்கும்போதே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்து எழுத்தில் ஒப்புதல் பெறுவது நல்லது; விமான நிலையத்தில் பேட்டரியின் மேலுள்ள எழுத்து அழிந்திருந்தால் ஏற்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் மின் ஸ்கூட்டர்களுக்கு 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் இடமில்லை; ஆனால் நடக்க இயலாதவர்களின் மின் நாற்காலிகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. 2025 ஜூன் முதல் இவற்றின் உச்ச வேகம் பத்திலிருந்து ஆறு கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டிருக்கிறது. சைக்கிளைப் போல் கைப்பிடி வைத்து, உட்கார்ந்து ஓட்டும் மொபிலிட்டி ஸ்கூட்டருக்குப் பொதுவாக மருத்துவத் தேவைச் சான்றிதழ் வேண்டும்; ஜாய்ஸ்டிக் நாற்காலிக்கு வேண்டியதில்லை. அப்பாவின் நாற்காலி ஆறுக்கு மேல் ஓடக்கூடியதாக இருந்தால், தஞ்சாவூரிலேயே விற்பனையாளரிடம் கொடுத்து வேகத்தைக் குறைத்துப் பூட்டி வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.